50 செடி அளந்தாலும் மாதிரி ஒன்றுதானா? வயல், சந்தை, மருத்துவம் மூன்றும் சேர்ந்த மஞ்சள் ஆய்வு

நொய்யல்கரை (கேள்வி)

வணக்கம். வேளாண் வணிக மேலாண்மையில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். ஈரோடு மஞ்சளை வயலிலிருந்து ஏலக்கூடம் வழியாக நோயாளி வரை ஒரே ஆய்வேட்டில் தொடர்வது திட்டம். சுருக்கமாக:

வயல்: ஒரு ஏக்கரை நான்கு பட்டைகளாகப் பிரித்து, பட்டைக்கு ஒரு உர முறை. ஒவ்வொரு பட்டையிலும் 50 செடிகளின் கிழங்கு எடை, ஆக மொத்தம் 200 அளவுகள்.

பதப்படுத்தல்: தண்ணீரில் வேகவைத்தது ஒரு கொப்பரை, ஆவியில் வேகவைத்தது ஒரு பாய்லர். இரண்டிலிருந்தும் தூள் எடுத்து ஹெச்பிஎல்சியில் (கலவையிலுள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் கருவி) மும்மூன்று முறை ஓட்டி, மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் அளவு.

சந்தை: 8 கிராமங்களில் கிராமத்துக்கு 48 பேர், மொத்தம் 384 விவசாயிகள். இரண்டு உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களின் உறுப்பினர்கள் பாதி, உறுப்பினர் அல்லாதவர்கள் பாதி.

மருத்துவம்: மூட்டுவலி உள்ள 30 பேர். 15 பேருக்குக் குர்குமின் கேப்ஸ்யூல், 15 பேருக்குப் போலி கேப்ஸ்யூல். இரண்டு முழங்கால்களையும் அளப்பதால் 60.

ஆய்வுக் குழுவில் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, "வயலில் உங்கள் மாதிரி ஒன்று, பாய்லரில் ஒன்று, நிறுவனத்தில் இரண்டு, முழங்காலில் பாதி" என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். 200 அளவு எடுத்தும் எப்படி ஒன்று ஆகும்? எதை எப்படி மாற்ற வேண்டும்?

தலைமடை

அவர் எழுதியது சரி. வயல் பகுதிக்கு மட்டும் சொல்கிறேன்.

நான்கு பட்டை, நான்கு உரம் என்றால் உரத்தையும் பட்டையையும் பிரிக்க வழியே இல்லை. மூன்றாம் பட்டை அதிகம் விளைந்தால் அது மண்புழு உரத்தாலா, ஐந்து வருடம் முன்பு அங்கே குப்பை கொட்டி வைத்திருந்ததாலா, வரப்போரத் தென்னை நிழல் அங்கே விழாததாலா? 50 செடி அளந்தாலும் 500 அளந்தாலும் இதற்குப் பதில் வராது. அந்த 50 செடிகளும் ஒரே மண்ணை, ஒரே தண்ணீரைப் பங்கு போட்டவை. அந்தப் பட்டையின் சராசரி துல்லியமாகத் தெரியும், அவ்வளவுதான். எதற்குத் தனியாகச் சீட்டு எடுத்து ட்ரீட்மென்ட் (சோதிக்கும் முறை, இங்கே உரம்) ஒதுக்கினீர்களோ அதுதான் அலகு. உங்கள் வயலில் அது பட்டை. ட்ரீட்மென்டுக்கு ஒரு பட்டை, ஆகவே மாதிரி ஒன்று. புள்ளியியல் அறிஞர் ஃபிஷர் 1919இல் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வுப் பண்ணைக்குப் போனபின் வயல் ஆய்வுக்கு முறை வகுத்தது இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான். ஒரே அலகைப் பல முறை அளந்து தனித்தனி அலகுகளாக எண்ணும் இந்தத் தவறுக்குப் போலி ரெப்ளிகேஷன் என்ற பெயரை 1984இல் சூழலியல் அறிஞர் ஹர்ல்பர்ட் பரவலாக்கினார். அது சூழலியல் கட்டுரைகளைப் பார்த்து எழுதியது என்றாலும் வேளாண் ஆய்வேடுகளுக்கு இன்றும் அப்படியே பொருந்துகிறது.

செய்ய வேண்டியது ஆர்பிடி: நிலத்தைப் பிளாக்குகளாகப் பிரித்து, ஒவ்வொரு பிளாக்கிலும் எல்லா உர முறைகளையும் பாத்திக்கு ஒன்றாகச் சீட்டுப் போட்டு ஒதுக்குவது. ஒரு பிளாக் ஒரு ரெப்ளிகேஷன். பிழைக்கான விடுதலைப் பாகையை (பிழையை மதிப்பிட மிஞ்சும் தனித் தகவல்களின் எண்ணிக்கை) 12க்குக் குறையாமல் வைப்பது நம் ஊர் வழக்கம். கணக்கு: (ட்ரீட்மென்ட் − 1) × (ரெப்ளிகேஷன் − 1). நான்கு ட்ரீட்மென்டுக்கு மூன்று ரெப்ளிகேஷன் வைத்தால் 6தான் வரும், நான்கு வைத்தால் 9. ஐந்து வைத்தால் 12. ஆகவே 20 பாத்தி.

பாத்தி அளவு 4.5 × 3 மீட்டர் போதும். 45 × 15 செ.மீ. இடைவெளியில் 10 வரிசை, வரிசைக்கு 20 செடி. இரு ஓரத்திலும் ஒவ்வொரு வரிசையும், வரிசையின் இரு முனையிலும் இரண்டிரண்டு செடியும் எல்லைச் செடிகள், அவற்றை அளக்கக் கூடாது. உள்ளே 8 × 16 = 128 செடி, 8.64 சதுர மீட்டர். அதை முழுதாக வெட்டி மொத்தமாக எடை போடுங்கள். பத்துச் செடி எடுத்துப் பெருக்குவதைவிட இது நம்பகமானது. பாத்திகள் மட்டும் 270 சதுர மீட்டர், வரப்பும் வாய்க்காலும் சேர்த்தால் 11 சென்ட் அளவில் முடிந்துவிடும். ஒரு ஏக்கர் தேவையே இல்லை.

அதிகம் சொதப்புவது பிளாக் போடும் திசையில். பாசன வயலில் தலைமடை நன்றாக நனையும், கடைமடை காயும். முதல் பிளாக் தலைமடையில், ஐந்தாவது கடைமடையில் என்று தண்ணீர் ஓட்டத்துக்குக் குறுக்கே பிளாக்கை அமையுங்கள். ஒரு பிளாக்கின் நான்கு பாத்திகளும் தலைமடையிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். ஓட்டத்தின் போக்கிலேயே நீளவாக்கில் பிளாக் போட்டால் ஈர வேறுபாடு முழுவதும் பிளாக்குக்குள் புகுந்து பிழையை ஊத வைத்துவிடும்.

பாத்திக்குப் பாத்தி தண்ணீர் வழிந்தால் உரமும் வழியும். ஒவ்வொரு பாத்திக்கும் தனி மடை, நடுவில் அகல வரப்பு கட்டாயம். ஒவ்வொரு பிளாக்குக்கும் புதிதாகச் சீட்டு எடுங்கள். முதல் பிளாக்கின் வரிசையையே ஐந்திலும் பின்பற்றுவது சீட்டு எடுப்பதாகாது. விதைக்கிழங்கை எடை பார்த்துத் தரம் பிரித்து, ஒரே தரத்தை ஒரே பிளாக்குக்குப் போடுங்கள். நடவு, களை, அறுவடை எதுவானாலும் தொடங்கிய பிளாக்கை அன்றே முடித்துவிடுங்கள். நடுவில் ஆள் மாறினாலும் மழை வந்தாலும் அந்த வேறுபாடு பிளாக்கோடு போய்விடும்.

எவ்வளவு வேறுபாடு தெரியும் என்பதையும் முன்பே கணக்குப் போடலாம். பச்சைக் கிழங்கு எக்டருக்கு 25 டன், மாறுபாட்டுக் கெழு 10% என்று வைத்தால் திட்ட விலக்கம் 2.5 டன். சிடி (இரண்டு சராசரிகள் உண்மையிலேயே வேறு என்று சொல்லத் தேவையான குறைந்தபட்ச இடைவெளி) = 2.179 × √(2 × 6.25 ÷ 5) = சுமார் 3.4 டன். 2.179 என்பது பாகை 12க்கு உரிய அட்டவணை எண். இரண்டு உரங்களுக்கு இடையே அதற்குக் குறைவாக வேறுபாடு வந்தால் அட்டவணையில் நட்சத்திரக் குறி விழாது. கெழு 15% ஆனால் அது 5 டன்னைத் தாண்டிவிடும். எதிர்பார்க்கும் லாபமே 2 டன் என்றால் இந்த அமைப்பு போதாது, ரெப்ளிகேஷனைக் கூட்டுங்கள்.

இன்னொன்று. கிழங்கு அழுகல் வந்து ஒரு பாத்தி படுத்துவிட்டால் அதை "விடுபட்ட பாத்தி" என்று தூக்கிவிடும் பழக்கம் உண்டு. மாடு மேய்ந்தால் தூக்கலாம். அழுகலை அந்த உர முறையே கூட்டியிருக்கக்கூடும் என்றால் தூக்கக் கூடாது, அதுவும் ட்ரீட்மென்டின் விளைவுதான்.

செங்கோட்டு_மாணவர்

தலைமடை சார், வயல் சரி. ஆனால் 384இல் என்ன குறை? மாதிரி அளவு பார்க்கும் கிரெஜ்சி–மார்கன் அட்டவணையில் இருக்கும் எண். மேலாண்மைத் துறையில் எல்லாப் பல்கலைக்கழகமும் ஏற்கிறது. வைவா என்ற வாய்மொழித் தேர்வில் யாரும் கேட்பதில்லை.

கணக்குப்புள்ளி

யாரும் கேட்பதில்லை என்பது உண்மைதான், அதனாலேயே எண் சரியாகிவிடாது.

384 எங்கிருந்து வருகிறது? 1.96² × 0.5 × 0.5 ÷ 0.05² = 384.16. ஒரு விகிதத்தை 5% பிழை எல்லைக்குள் மதிப்பிட, எளிய சமவாய்ப்பு மாதிரியில் தேவைப்படும் எண் இது. மாவட்டத்தின் எல்லா மஞ்சள் விவசாயிகளின் பெயரையும் ஒரே பட்டியலில் போட்டு அதிலிருந்து குலுக்கி எடுத்தால்தான் இந்தக் கணக்கு செல்லும். நீங்கள் எடுப்பது 8 கிராமங்கள். ஒரு கிராமத்துக்காரர்கள் ஒரே வியாபாரிக்கு விற்பார்கள், ஒரே வாய்க்காலில் பாய்ச்சுவார்கள், ஒரே உரக்கடைக்காரர் சொல்வதைக் கேட்பார்கள். 48வது ஆளிடம் புதிதாகத் தெரிந்துகொள்ள அதிகம் இருக்காது.

இதை அளக்க வடிவமைப்பு விளைவு என்று ஒரு பெருக்கி உண்டு: 1 + (கிராமத்துக்கு எத்தனை பேர் − 1) × உள்தொடர்புக் கெழு (ஒரே கிராமத்தார் எவ்வளவு ஒத்திருக்கிறார்கள் என்ற அளவு). அந்தக் கெழு வெறும் 0.05 என்று வைத்தாலே 1 + 47 × 0.05 = 3.35. 384 ÷ 3.35 = 115 பேருக்குச் சமம். பிழை எல்லை 5% அல்ல, 9%.

அதே 384 பேரை 48 கிராமங்களில், கிராமத்துக்கு 8 பேராக எடுத்தால் பெருக்கி 1.35, சமமான எண்ணிக்கை 284, பிழை எல்லை 5.8%. கேள்வித்தாள் செலவு அதேதான், பெட்ரோல்தான் கூடும். முழு 384க்குச் சமமாக வேண்டுமானால் 65 கிராமம் × 8 = 520 பேர். கிராமத்துக்கு ஆளைக் கூட்டுவதைவிடக் கிராமத்தைக் கூட்டுவதில்தான் பலன்.

நிறுவன ஒப்பீடு இதைவிடச் சிக்கல். இரண்டே உற்பத்தியாளர் நிறுவனங்கள். அதில் ஒன்றின் தலைமை நிர்வாகி கெட்டிக்காரர் என்றால் "உறுப்பினரானால் விலை கூடும்" என்று முடிவு வரும். அது அவருடைய திறமையா, நிறுவனம் என்ற அமைப்பின் பலனா? நிறுவனங்களைப் பற்றிப் பேச வேண்டுமானால் நிறுவனம்தான் அலகு, குறைந்தது 12, 15 தேவை. முடியாவிட்டால் இரண்டையும் வழக்காய்வாக ஆழமாக எழுதுங்கள், டி-டெஸ்ட் (இரண்டு சராசரிகளை ஒப்பிடும் சோதனை) போடாதீர்கள். மேலும் உறுப்பினர்கள் தாமாகச் சேர்ந்தவர்கள். நிலம் அதிகம், கடன் குறைவு, படிப்பு கூடுதல் என்றிருக்க வாய்ப்புண்டு. உறுப்பினர் ஆவதற்கு முந்தைய ஆண்டுகளின் விற்பனை விலையையும் கேட்டு வாங்கினால் ஓரளவு சரிக்கட்டலாம்.

பட்டியல் எடுக்கும் இடமும் முக்கியம். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தின் பதிவேட்டிலிருந்து எடுத்தால் அங்கே விற்பவர்கள் மட்டும்தான் வருவார்கள். களத்திலேயே வியாபாரியிடம் கொடுத்துவிடும் சிறு விவசாயி பட்டியலிலேயே இருக்க மாட்டார், மதிப்புச் சங்கிலியில் அடிபடுவது அவர்தான். கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலில் சர்வே எண் வாரியாகப் பயிர் இருக்கும். அதில் மஞ்சள் உள்ள சர்வே எண்களை எடுத்துக் குலுக்குங்கள். பெரிய நிலக்காரருக்கு நாலைந்து சர்வே எண் இருக்கலாம், அவர் தேர்வாகும் வாய்ப்பும் அத்தனை மடங்கு கூடும். ஒருவருடைய எண்களையெல்லாம் ஒரு வரியாக்கிவிட்டுக் குலுக்குங்கள். அடங்கலில் நில உடைமையாளர் பெயர் இருக்கும், பயிர் செய்வது குத்தகைக்காரராக இருக்கும். நேரில் போய், சாகுபடி செய்பவரைத்தான் கேட்க வேண்டும்.

மஞ்சளுக்கே உரிய ஒரு வலை: விலைக்காகக் காத்து வருடக்கணக்கில் கிடங்கில் வைப்பார்கள். "இந்த ஆண்டு என்ன விலைக்கு விற்றீர்கள்" என்று கேட்டால் இரண்டு வருடம் முன் வெட்டிய மஞ்சளின் விலை வரும். செலவு ஓர் ஆண்டினுடையது, வரவு வேறோர் ஆண்டினுடையது என்று கலந்து லாபக் கணக்கு கந்தலாகிவிடும். ஒவ்வொரு விற்பனைக்கும் எந்த ஆண்டுப் பயிர், விரலியா (விரல் போன்ற பக்கக்கிழங்கு) தாய்க்கிழங்கா, பாலிஷ் போட்டதா போடாததா, எத்தனை கிலோ, எங்கே விற்றது என்று தனி வரி வையுங்கள். மூட்டைக் கணக்கு வேண்டாம், மூட்டையின் எடை இடத்துக்கு இடம் மாறும்.

புள்ளியியல் மென்பொருளான எஸ்பிஎஸ்எஸ்ஸில் 384 வரியையும் போட்டு நேராக ஓட்டினால் அது ஒவ்வொரு வரியையும் தனி ஆளாகத்தான் எடுத்துக்கொள்ளும். ஒரே கிராமம் என்பது அதற்குத் தெரியாது. சிக்கலான மாதிரிகளுக்கான பகுதியைப் பயன்படுத்துங்கள், அல்லது ஆர் மென்பொருளில் கிராமத்தைக் கொத்து என்று அறிவித்துவிட்டு ஓட்டுங்கள்.

குடுவை

பாய்லர் விஷயத்துக்கு வருகிறேன். ஒரே தூளை மூன்று முறை ஹெச்பிஎல்சியில் செலுத்தினால் கருவி எவ்வளவு சீராக ஓடுகிறது என்று தெரியும். வேகவைத்த முறையைப் பற்றி ஒன்றும் தெரியாது. ட்ரீட்மென்ட் கொடுத்தது ஒரு கொப்பரைக்கு, ஆகவே அலகு கொப்பரை. அன்று விறகு ஈரமாக இருந்து கால்மணி நேரம் கூடுதலாக வெந்திருந்தால் மூன்று ஓட்டத்திலும் அதே விளைவு இருக்கும், நீங்களும் "தண்ணீர் முறை குர்குமினைக் குறைக்கிறது" என்று எழுதிவிடுவீர்கள்.

பெரிய பாய்லர் வேண்டாம். ஒரே இரகமும் ஒரே உரமும் உள்ள பாத்திகளிலிருந்து, பிளாக்குக்குப் பத்துக் கிலோ விரலி எடுங்கள். நன்றாகக் கலந்து ஐந்தைந்து கிலோவாகப் பிரித்து, ஒன்றைத் தண்ணீரில், ஒன்றை ஆவியில். எது முதலில் என்பதற்கும் சீட்டு. ஐந்து பிளாக்குக்கு ஐந்து ஜோடி, விடுதலைப் பாகை 4. அது கொஞ்சம் குறைவுதான். ஒரு பிளாக்கிலிருந்து இரண்டு தனித்தனி நாட்களில் இரண்டு ஜோடி செய்து மொத்தம் பத்தாக்கினால் நாளுக்கு நாள் வரும் ஏற்ற இறக்கத்தையும் பிடிக்கலாம். ஆனால் அந்தப் பத்தும் ஐந்து பிளாக்கின் பிள்ளைகள் என்பதை மாடலில் சொல்ல வேண்டும்.

வேகவைக்கும் விவரம்: வெட்டிய இரண்டு மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள். விரலியையும் தாய்க்கிழங்கையும் ஒன்றாகப் போடாதீர்கள், வேகும் நேரம் வேறு. தண்ணீர் கிழங்குக்கு மேல் 5 முதல் 7 செ.மீ. நிற்கட்டும். 45 முதல் 60 நிமிடத்தில் நுரை பொங்கி, வெண்புகையோடு மஞ்சள் மணம் வரும். அப்போது மழுங்கிய குச்சி எளிதாக இறங்க வேண்டும். அதிகம் வெந்தால் நிறம் கெடும், குறைந்தால் காய்ந்தபின் பொடபொடவென்று உடையும். நேரத்தை மட்டும் பார்த்து இறக்காமல் குச்சி இறங்கும் நேரத்தை ஒவ்வொரு ஜோடிக்கும் குறித்துக்கொள்ளுங்கள். அதுவே உங்கள் ஆய்வேட்டில் நல்ல ஓர் அட்டவணையாகும்.

அடுத்தது ஈரப்பதம். இங்கேதான் பாதி ஆய்வேடுகள் விழுகின்றன. குர்குமின் இரண்டு தூளிலும் 4.0% என்று கருவி சொல்கிறது. ஒன்றில் ஈரம் 8%, இன்னொன்றில் 14%. உலர் எடைக்கு மாற்றினால் 4.0 ÷ 0.92 = 4.35, 4.0 ÷ 0.86 = 4.65. சமம் என்று நினைத்த இரண்டும் சமமில்லை. ஆவியில் வெந்தது சீக்கிரம் காய்ந்தால் இந்த வேறுபாடு தானாகவே ட்ரீட்மென்டோடு ஒட்டிக்கொள்ளும். எடுக்கும் அன்றே ஒவ்வொரு தூளுக்கும் ஈரம் பார்த்து, உலர் எடை அடிப்படையிலேயே எழுதுங்கள்.

ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் 425 நானோமீட்டரில் அளந்தால் கிடைப்பது மொத்தக் குர்குமினாய்டு: குர்குமின், டிமெதாக்ஸி, பிஸ்டிமெதாக்ஸி மூன்றும் சேர்ந்தது. ஹெச்பிஎல்சி மூன்றையும் பிரிக்கும். ஒரு அட்டவணையில் அதையும் இன்னொன்றில் இதையும் போட்டு ஒப்பிடாதீர்கள். சந்தையில் வாங்கிய தூளில் மஞ்சள் சாயம் கலந்திருந்தால் ஸ்பெக்ட்ரோ அதையும் குர்குமின் என்றே கணக்கில் சேர்த்துவிடும், ஆகவே சந்தை மாதிரிக்கு ஹெச்பிஎல்சிதான். பிழிவு எடுத்த கரைசல் வெளிச்சத்தில் சிதையும். பழுப்புக் குடுவை, இல்லாவிட்டால் அலுமினியத் தாள் சுற்றி வையுங்கள், அன்றே ஓட்டிவிடுங்கள்.

ஓபி_சீட்டு

மருத்துவப் பகுதிக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இதை ஆய்வேட்டிலிருந்து எடுத்துவிடுவதே நல்லது. காரணங்கள்.

இரண்டு முழங்கால் இரண்டு ஆள் ஆகாது. கேப்ஸ்யூல் வாய்வழியாகப் போகிறது, ஆளுக்குத்தான் சீட்டு விழுகிறது. வலியைச் சொல்வதும் ஒரே மனம். தொடக்கத்திலேயே, சீட்டு எடுப்பதற்கு முன், அதிகம் வலிக்கும் காலை "அளவிடும் கால்" என்று குறித்து அதை மட்டும் எடுக்க வேண்டும். ஆகவே 60 அல்ல, 30.

அந்த 30 போதுமா? வலியை 100 மி.மீ. கோட்டில் அளக்கிறோம், திட்ட விலக்கம் 20, கண்டுபிடிக்க நினைக்கும் வேறுபாடு 10 என்று வைப்போம். 5% முக்கியத்துவம் (இல்லாத வேறுபாட்டை இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பு), 80% திறன் (இருக்கும் வேறுபாட்டைப் பிடிக்கும் வாய்ப்பு). இரண்டுக்கும் உரிய பெருக்கி 7.84. ஒரு குழுவுக்கு 2 × 7.84 × 400 ÷ 100 = 63 பேர். நடுவில் 15% பேர் வராமல் போவார்கள் என்றால் 63 ÷ 0.85, அதாவது 75. இரண்டு குழுவுக்கு 150. குழுவுக்கு 15 பேரை வைத்துக்கொண்டு பார்த்தால் 20 மி.மீ.க்கு மேல் வேறுபாடு இருந்தால்தான் பிடிபடும், வலி மாத்திரைகளே அவ்வளவு காட்டுவது அபூர்வம். "30 இருந்தால் போதும்" என்பது பாடப்புத்தகத்தில் இயல்நிலைப் பரவலுக்குச் சொன்ன தோராயம், அதை எடுத்து மருத்துவத் தேர்வாய்வுக்கு ஒட்டிவிடுகிறார்கள்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஓபிக்கு வருபவருக்கு மருந்து, மற்ற நாள் போலி மருந்து என்று பிரிப்பது சமவாய்ப்பு ஆகாது. நாளைக்கு எது என்று மருத்துவருக்குத் தெரிந்துவிடும், வலி அதிகம் உள்ளவரை "நாளைக்கு வாங்க" என்பார். 1948இல் வெளியான, பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் காசநோய் ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வில் புள்ளியியலாளர் பிராட்ஃபோர்ட் ஹில் முத்திரையிட்ட உறைகளைக் கொண்டுவந்தது இதைத் தடுக்கத்தான். அங்கே 55 பேருக்கு மருந்தும் படுக்கை ஓய்வும், 52 பேருக்கு ஓய்வு மட்டும். இன்றும் அதே முறைதான்: வரிசை எண் போட்ட, வெளிச்சத்தில் பிடித்தாலும் உள்ளே தெரியாத, முத்திரையிட்ட உறைகள். 4 பேர், 6 பேர் என்று அளவு மாறி மாறி வரும் தொகுதிகளில் பட்டியலைத் தயாரிப்பவர் நோயாளியைப் பார்க்கவே கூடாது.

மஞ்சளில் மறைப்பது கடினம். நிறம், மணம், கை பட்டால் கறை. கேப்ஸ்யூல் ஓடு ஒளிபுகாததாக இருக்க வேண்டும், போலி கேப்ஸ்யூலும் அதே எடையில். முடிவில் "உங்களுக்கு எது கொடுத்தார்கள் என்று நினைக்கிறீர்கள்" என்று கேட்டுப் பதிவு செய்தால்தான் மறைப்பு நின்றதா என்று தெரியும்.

மிளகின் பைப்பரின் சேர்த்த கேப்ஸ்யூல் வாங்கினால் இன்னொரு தலைவலி. குர்குமின் உடலில் ஏறுவதைப் பைப்பரின் பல மடங்கு கூட்டுவதாக 1998இல் வந்த மனித ஆய்வு காட்டியது, ஃபெனிடாயின் போன்ற மருந்துகளின் அளவையும் அது கூட்டும். வலிப்பு மருந்து, ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள், பித்தப்பைக் கல், பித்தநாள அடைப்பு உள்ளவர்கள் ஆகியோரைச் சேர்க்கக் கூடாது. மூட்டுவலிக்கு வரும் வயதில் இந்தப் பட்டியலில் பலர் இருப்பார்கள், ஆள் சேர்ப்பது மெதுவாகும்.

ஒழுங்குமுறை: முதல் நோயாளி சேரும் முன்பே நிறுவன நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், அதன்பின் இந்திய மருத்துவத் தேர்வாய்வுப் பதிவேடான சிடிஆர்ஐயில் பதிவு. 2018 ஏப்ரல் 1 முதல் முன்கூட்டிய பதிவு மட்டும்தான், பாதியில் போய்ப் பதிவு செய்ய முடியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் 2017 நெறிமுறைகள்படி தமிழில் ஒப்புதல் படிவம், பாதிப்பு ஏற்பட்டால் இழப்பீடு. மருத்துவத் தகுதியுள்ள முதன்மை ஆய்வாளர் இல்லாமல் குழு விண்ணப்பத்தைத் தொடாது.

எல்லாம் சரி செய்தாலும் சங்கிலி அறுந்துதான் நிற்கிறது. கடையில் விற்பது பெரும்பாலும் 95% குர்குமினாய்டு சாறு. 500 மி.கி. கேப்ஸ்யூலில் 475 மி.கி. இருக்கும். 4% உள்ள உங்கள் வயல் தூளில் அதே அளவு வேண்டுமானால் கிட்டத்தட்ட 12 கிராம் தின்ன வேண்டும். உர முறையால் 4.0% என்பது 4.3% ஆனதற்கும் கேப்ஸ்யூல் தின்றவர் முழங்காலுக்கும் தொடர்பே கிடையாது. சாறு எடுப்பவருக்கு வேண்டுமானால் லாபம்: டன்னுக்கு 40 கிலோ கிடைத்த இடத்தில் 43 கிலோ. அதை விலையாக்கிக் காட்டுங்கள், வணிகத் துறைக்கு அதுதான் கேள்வி.

நொய்யல்கரை

எல்லோருக்கும் நன்றி. மருத்துவப் பகுதியை விட்டுவிட்டு, சாறு எடுக்கும் ஆலைகள் குர்குமின் அளவுக்குத் தக்க விலை கொடுக்கிறார்களா என்று மாற்றிக்கொள்கிறேன். சிக்கல் வயலில்தான். நான்கு பட்டையும் நட்டாகிவிட்டது, வரும் தை, மாசியில் வெட்டு. இதில் ஏதாவது காப்பாற்ற முடியுமா? பட்டையை இப்போது ஐந்தைந்து துண்டாக அளந்து ரெப்ளிகேஷன் என்று போடலாமா?

தலைமடை

போடக் கூடாது. உரம் பட்டைக்குத்தான் போட்டது, கயிறு கட்டிப் பிரிப்பதால் புதிதாகச் சீட்டு எடுத்ததாக ஆகாது. பெயர்தான் ரெப்ளிகேஷன், நிலம் அதேதான்.

ஆனால் வீணாக்க வேண்டாம். பட்டைக்குள் 8.64 சதுர மீட்டர் கட்டங்களாக வெட்டி எடை போட்டால் ஒரே உரத்தில் கட்டத்துக்குக் கட்டம் எவ்வளவு மாறுகிறது என்று தெரியும். அடுத்த பருவத்தின் மாறுபாட்டுக் கெழுவை ஊகிக்காமல் அந்த எண்ணையே கணக்கில் போடலாம். எந்தத் திசையில் விளைச்சல் சரிகிறது என்பதும் தெரிந்துவிடும், பிளாக் போட வழி கிடைக்கும். முன்னோட்டம் என்ற தலைப்பில் இரண்டு பக்கம் எழுதுங்கள், பி-மதிப்பு (புள்ளியியல் சோதனையின் முடிவு எண்) போடாமல்.

குடுவை சொன்ன வேகவைக்கும் ஜோடிகளை இந்த வெட்டிலேயே செய்துவிடலாம். அதற்கு அலகு கொப்பரை என்பதால் பட்டை அமைப்பு தடையில்லை. ஒரே உரம் போட்ட ஒரு பட்டையில் ஐந்து இடத்திலிருந்து கிழங்கு எடுங்கள், அங்கே பிளாக்குக்குப் பதில் இடம்.

அடுத்த நடவு வைகாசி, ஆனியில். கையில் ஒரே நிலம் இருந்தால் 20 பாத்தி ஆர்பிடி. இல்லையென்றால் இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. கணக்குப்புள்ளி சொன்ன 48 கிராமங்களில் ஏழு விவசாயிகளைப் பிடியுங்கள், ஒவ்வொருவர் வயலிலும் நான்கு பட்டை, ஒவ்வொரு வயலுக்கும் தனிச் சீட்டு. வயல்தான் பிளாக். விடுதலைப் பாகை 3 × 6 = 18. முடிவும் ஒரு நிலத்துக்கு மட்டும் இல்லாமல் மாவட்டத்துக்குப் பேசும். இரகம் எல்லா வயலிலும் ஒன்றாக இருக்கட்டும், விதைக்கிழங்கை நீங்களே ஒரே இடத்தில் வாங்கிக் கொடுங்கள். உரத்தை எடை போட்டுப் பட்டைக்கு ஒரு பையாகக் கட்டிப் பெயர் எழுதிக் கொடுங்கள், "ஏக்கருக்கு இவ்வளவு" என்று வாயால் சொல்லிவிட்டு வந்தால் மிச்சம் இருந்ததை அடுத்த பட்டைக்கு வீசிவிடுவார்கள். மேலுரம் போடும் நாட்களில் ஆள் நேரில் நிற்க வேண்டும். ஒருவர் நடுவில் கைவிட்டாலும் ஆறு வயல் மிஞ்சும், பாகை 15, ஆய்வு பிழைக்கும்.